நாற்பத்தொன்றாம் மாதிரி

சாயாவில் சர்க்கரையைக் குறைத்துக்கொள் என்று செல்லதுரையிடம் நான் இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். அவன் உடம்பைப் பற்றி எனக்கு அக்கறையே இருந்ததில்லை என்று புகாரில் கண்டிருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

நெறிமுறைக் குழுவின் தலைவர் டாக்டர் ஸாதனா என் விளக்கத்தை எழுத்தில் கேட்டிருக்கிறார். ஆங்கிலத்தில் மூன்று முறை எழுதிப் பார்த்தேன். ஆய்வுக் கட்டுரை எழுதிப் பழகிய கை. 'கவனிக்கப்பட்டது', 'சேகரிக்கப்பட்டது' என்று வருகிறதே தவிர, யார் செய்தார்கள் என்பது எந்த வாக்கியத்திலும் வரவில்லை. அதனால் தமிழில் எழுதுகிறேன். உங்கள் குழுவில் ஹரிஷங்கருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், படித்துச் சொல்வார்.

என் பெயர் வைத்தீஸ்வரன். கொச்சி மட்டாஞ்சேரியில் நாலு தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். காக்கநாட்டில் நம் ஆய்வுக்கூடத்தில் பன்னிரண்டு வருஷமாக ஒரே கேள்வியின் பின்னால் அலைகிறேன். மூளைக்குப் போகும் ரத்தம் எங்காவது அடைபட்டால், அந்தச் சேதி ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களுக்கு உடனே போய்விடுகிறது. அவற்றுக்குள் சில மரபணுக்கள் சுறுசுறுப்பாகின்றன, சில அடங்கிப்போகின்றன. கையில் எடுத்த ரத்தத்தில் அந்த மாற்றத்தைப் படித்துவிட்டால், வந்திருப்பது பக்கவாதமா, வலிப்பா, வெறும் தலைவலியா என்று ஸ்கேன் இல்லாத ஊரிலும் சொல்லிவிடலாம். இருபத்திரண்டு மரபணுக்கள் கொண்ட என் பட்டியல் அதைச் சொல்லும். இதனால் பிழைக்கப்போகிறவர்கள் எத்தனை ஆயிரம் பேர் என்று ஒவ்வொரு வருஷமும் விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறேன். வருஷத்துக்கு வருஷம் அவர்கள் கூடிக்கொண்டே வந்தார்கள்.

நோயாளிகள் கிடைப்பதில் சிரமமில்லை. ஒப்பிட்டுப் பார்க்க, ஐம்பது தாண்டிய ஆரோக்கியமானவர்கள் அறுபது பேர் வேண்டியிருந்தது. ஆரோக்கியமானவன் ஆஸ்பத்திரிப் பக்கம் எதற்கு வருவான்? செல்லதுரைதான் கைகொடுத்தான். மாநகராட்சியில் துப்புரவு மேற்பார்வையாளன், ஓய்வுபெற ஒரு வருஷம் பாக்கி. நானும் அவனும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அவன் என்னைச் சாமி என்பான், நான் அவனை நீ என்பேன். நாற்பத்தைந்து வருஷமாக அதில் இருவருக்கும் குறை தோன்றியதில்லை. எனக்குத் தோன்றியதில்லை. கூட வேலை செய்கிற பதினோரு பேரைத் திரட்டி வந்து, முதல் ஆளாகத் தானே சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்தான்.

அவன் மாதிரிக்கு எண் நாற்பத்தொன்று. ஆரோக்கியமானவர்களின் வரிசையில் இருந்த அந்த ரத்தம் பக்கவாதக்காரரின் ரத்தம் போல நடந்துகொண்டது. இயந்திரத்தில் கோளாறோ என்று மறுபடி ஓட்டினேன். மூன்றாம் முறையும் அதேதான். எந்த எண் யாருடையது என்று எனக்குத் தெரிந்திருக்கக் கூடாது என்பது விதி. லேபிள் ஒட்டுகிறவர் அன்று லீவு, ஒட்டியது நான்.

மறுநாள் காலை படகுத்துறைக்குப் பக்கத்துச் சாயாக்கடையில் பேச்சுவாக்கில் விசாரித்தேன். ரத்தம் கொடுத்ததற்கு முந்தின நாள் வலது கையிலிருந்து கிளாஸ் நழுவி விழுந்ததாகவும், பத்து நிமிஷம் நாக்கு புரளவில்லை என்றும், பிறகு ஒன்றுமில்லை என்றும் சொன்னான். வெயிலாக இருக்கும் என்றான். இருக்கும் என்றேன்.

அது வெயில் இல்லை. ஓர் அடைப்பு வந்து, தானே விலகிப்போயிருக்கிறது. அடுத்தது விலகாமல் போகலாம். இந்தக் கட்டத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனால் மாத்திரை கொடுப்பார்கள், கழுத்து ரத்தக்குழாயைப் பார்ப்பார்கள், பெரும்பாலும் ஆள் தப்பிவிடுவான். எனக்கு இது தெரிந்திருக்கக்கூடும் என்று புகாரில் போட்டிருக்கிறார்கள். திருத்திக்கொள்ளுங்கள். தெரியும்.

இனி என் நிலைமையை நிதானமாக யோசித்துப் பாருங்கள். சொல்லியிருந்தால் அவன் மாத்திரை சாப்பிட்டு நன்றாக இருந்திருப்பான். விலகிப்போன அடைப்பு ஸ்கேனில் தடம் விடுவதும் அபூர்வம். ஆக, என் அட்டவணையில் நாற்பத்தொன்று ஒரு பிழையாக நின்றிருக்கும், நல்ல உடம்புக்காரனை நோயாளி என்று சொன்ன பிழையாக. என் முந்தைய கட்டுரையை ஒரு மதிப்பீட்டாளர் திருப்பி அனுப்பியதே இந்த வகைப் பிழைக்காகத்தான். அவன் விழுந்தாலோ, பரிசோதனை சொன்னது சரி, அதுவும் முன்கூட்டியே சரி. தவிர, பங்கேற்பவருக்குத் தனிப்பட்ட முடிவு தெரிவிக்கப்படமாட்டாது என்று ஒப்புதல் படிவத்தின் பதினோராம் பிரிவு சொல்கிறது. அதை நிறைவேற்றித் தந்தவர்கள் நீங்கள். பிஸ்கட் சாப்பிட்டு முடிப்பதற்குள் நிறைவேற்றினீர்கள்.

பத்தொன்பது நாள் காத்திருந்தேன். அந்த நாட்களில் அவனை நான் கவனித்துக்கொண்ட மாதிரி வேறு யாரும் கவனித்திருக்க முடியாது. தினமும் காலையில் போய்விடுவேன். ஏதாவது சொல்லிச் சிரிக்கவைத்து, வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பார்ப்பேன். சோம்பல் முறிக்கிற சாக்கில் நான் கையைத் தூக்கினால் அவனும் தூக்குவான். இரண்டும் ஒரே உயரத்துக்கு வரும். ஊசியும் ரத்தக் குழாய்களும் ஸ்கூட்டர் பெட்டியில் தயாராக இருந்தன. சாமிக்கு இவர் மேல் இருக்கிற சினேகம் கூடப்பிறந்தவனுக்குக்கூட வராது என்று அவன் மனைவி காளியம்மை ஒரு நாள் சொன்னாள். நான் அடக்கமாகத் தலையை ஆட்டிவைத்தேன்.

கிளாஸ் நழுவிய விஷயம் அவளுக்கு மனசில் கிடந்து உறுத்தியிருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமைக்குச் சீட்டு எடுத்துவைத்தாள். லீவு போட்டுப் போக செல்லதுரைக்கு மனமில்லை. பன்னிரண்டாம் நாள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடமே கேட்டான்.

"சாமி, அன்னைக்கு எடுத்த ரத்தத்துல வல்லதும் உண்டோ, ஏதாவது கோளாறு? உண்டுன்னா சொல்லுங்க, நான் போயிடறேன்."

"ஆரோக்கியமானவங்க பட்டியல்லதான் உன் பேர் இருக்கு" என்றேன்.

அதில் ஓர் எழுத்துப் பொய் கிடையாது. பட்டியலைக் கேட்டால் காட்டுகிறேன். செல்லதுரை சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "எனக்கு அது மதி, சாமி. அது போதும்" என்றான். அவ்வளவு நம்பிக்கையோடு யாரும் என் முடிவுகளை ஏற்றுக்கொண்டதில்லை, உங்கள் குழுவையும் சேர்த்துச் சொல்கிறேன். வியாழக்கிழமை அவன் வேலைக்குப் போனான்.

பத்தொன்பதாம் நாள் காலை ஏழு முப்பத்தெட்டுக்குச் சாயாக்கடை பெஞ்சிலிருந்து சரிந்தான். வலது கையும் காலும் துவண்டுவிட்டன, வாய் கோணிவிட்டது. ஆட்டோக்கார ரதீஷ் வண்டியைப் பெஞ்சு வரை கொண்டுவந்து நிறுத்தி, பாலத்தில் வண்டிகள் அடைத்துக்கொள்வதற்குள் போய்விடலாம், பெட்டென்று ஏற்று, சீக்கிரம் என்றான். நான் டாக்டர், யாரும் தொடாதீர்கள் என்றேன். தள்ளி நின்றார்கள். என் பெயருக்கு முன்னால் டாக்டர் இருப்பது உண்மை, மரபணுவியலில் வாங்கிய பட்டம். ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிவிட்டால் ரத்தத்தின் நடத்தை மாறிப்போகும், எனக்கு மருந்து படாத ரத்தம் வேண்டும். நாலு குழாய். ஒவ்வொன்றையும் பத்து முறை மெல்லத் தலைகீழாகப் புரட்ட வேண்டும், குலுக்கக் கூடாது. என் கை நடுங்கியதில் இரண்டு முறை நரம்பு தவறியது. எல்லாம் சேர்த்து இருபத்தாறு நிமிஷம். எனக்கு மனசே இல்லை என்கிறவர்கள் அந்த நடுக்கத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ரதீஷ் சொன்னபடியே பாலம் அடைத்துக்கொண்டிருந்தது. எர்ணாகுளம் போய்ச் சேர ஒன்பதேகால் ஆகிவிட்டது. விழுந்த நேரத்தை நிமிஷ சுத்தமாகச் சொன்னேன். இப்படி எல்லோரும் சொன்னால் எவ்வளவு உதவியாக இருக்கும் என்று அங்கிருந்த இளம் டாக்டர் பாராட்டினார்.

உயிர் போகவில்லை. வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. 'இல்ல' என்று ஒரே ஒரு சொல் மட்டும் வருகிறது. சோறு வேண்டுமா என்றாலும் அதுதான், நான் போய் நின்றாலும் அதுதான்.

கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். பக்கவாதத்தைப் பத்தொன்பது நாள் முன்பே கண்டுசொன்ன கொச்சி விஞ்ஞானி என்று நம் நிறுவனமே என் படத்தோடு பத்திரிகைகளுக்குச் செய்தி கொடுத்தது. அந்தச் செய்தியைப் பார்த்து ஒப்புதல் தந்தவர்களில் இரண்டு பேர் இன்று என்னை விசாரிக்கும் குழுவில் இருக்கிறார்கள். செல்லதுரையின் மகள் அம்பிளி அதை மலையாளப் பத்திரிகையில் பார்த்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். அது தெரியாமல் அன்று சாயங்காலம் நான் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். காளியம்மை வாசலை மறித்து நின்றாள். சத்தம் போடவில்லை.

"பத்தொம்பது நாள் முன்னாடியே தெரியுமா சாமி? அவர் உங்ககிட்ட வாய்விட்டுக் கேட்டாரே."

பதினோராம் பிரிவை அவளுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொன்னேன். முழுவதும் கேட்டாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள். ஆப்பிளைப் படியில் வைத்துவிட்டு வந்தேன். மறுவாரம் உங்களுக்குப் புகார் வந்தது.

இப்படி ஒரு மாதிரி மறுபடி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள். வந்தது. இரண்டாம் கட்ட ஆய்வுக்கு ஆள் குறைந்ததால் ஆரோக்கியமானவர்களில் ஒருவனாக நானும் சேர்ந்திருக்கிறேன். போன மாதம் ஒரு காலையில் என் இடது கையில் இரண்டு விரல் மரத்துப்போனது, ஐந்து நிமிஷம்தான். உடனே ரத்தம் எடுத்து ஓட்டினேன். நாற்பத்தொன்று போலவே வந்தது. சாயங்காலத்துக்குள் எர்ணாகுளத்தில் ஸ்கேன் எடுத்து, கழுத்து ரத்தக்குழாயைப் பார்த்து, மாத்திரையும் ஆரம்பித்துவிட்டார்கள். இனி பயமில்லை என்கிறார்கள். நான் விழப்போவதில்லை என்பதால் என் எண் அட்டவணையில் பிழையாகத்தான் நிற்கும். யோசித்துப் பார்த்தேன். ஒரு பிழையை அந்த அட்டவணை தாங்கும்.