விரல் நுனியில் வெட்டுக்கிளி

மேலேயிருந்து கையை விடாதீர்கள் ஐயா. பச்சோந்திக்கு மேலேயிருந்து வருவதெல்லாம் பருந்துதான். இடுக்கியை வைத்துவிட்டு அந்த வெட்டுக்கிளியை என்னிடம் கொடுங்கள். பகலிலேயே கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது, தோலும் கறுத்துவிட்டது. இன்றைக்கும் தின்னாவிட்டால் நாளைக்கு உங்கள் மேசையில் வெறும் கூண்டுதான் மிஞ்சும்.

கூண்டுக் கதவு திறந்தே இருக்கட்டும். ஓடாது.

என் தம்பி ஜிலாலியின் சாவைப் பற்றி ஒளிக்காமல் சொன்னால் இதை என்னிடமே கொடுத்துவிடுவதாகச் சொன்னீர்கள். சொல்கிறேன். இது வாய் திறக்கக் கொஞ்ச நேரமாகும்.

இந்தக் குட்டியை வாங்கி வந்தவள் தம்பியின் பெண்டாட்டி இத்தோ. உங்கள் காவலில் இருக்கிறாளே, அவள்தான். மலைக்காரப் பெண், மெக்னேஸ் நகரத்துக்குப் புதுசு. மருந்துச்சரக்குக் கடை வாசலில் இவற்றைக் கூண்டோடு தொங்கவிட்டிருப்பதைப் பார்த்து எதற்கென்று கேட்டிருக்கிறாள். புருஷன் மனசைத் தெரிந்துகொள்ள உயிரோடு கணப்பில் போடுவார்கள் என்று கடைக்காரன் சொன்னதும் இரக்கப்பட்டு வாங்கிவிட்டாள். ஒளித்தாவது கொண்டுவந்திருக்கலாம். தோளில் உட்கார வைத்துக்கொண்டு தெரு முழுக்க நடந்து வந்தாள். அடுத்த வீட்டு ஹலீமா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி இத்தோ, கல்யாணமாகி வருஷம் திரும்பல, அதுக்குள்ள நெருப்புல போட்டுப் பாக்கற நெலமை வந்திடுச்சா?"

"நெருப்புல போடறதுக்கா வாங்கினேன்? வளக்கறதுக்கு."

"இவ இதை வளக்கப் போறாளாம். அடுத்தது எங்க வீட்டுப் பல்லிக்குப் பேர் வைக்க வருவா."

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவள் கையில் இது தின்னவில்லை. ஆசை அதிகம் அவளுக்கு. பூச்சியை அள்ளி அள்ளிக் கூண்டுக்குள் போட்டாள். உள்ளேயே கிடைக்கும்போது கைக்கு ஏன் வரும்? அவள் போட்ட பூச்சிகளையெல்லாம் நான்தான் வெளியே எடுத்தேன். ஒரு வேளை பசிக்க விட்டேன். அதற்கு மேல் விடக்கூடாது, குட்டி பாவம். பூச்சியை விரல் நுனியில் பிடித்து, கீழேயிருந்து மெல்ல உயர்த்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மரக்கிளை மாதிரி நின்றேன். கண்ணுக்குக் கண் பார்த்தால் பயந்துவிடும். தோள் கடுத்தது. அப்புறம் அந்த நாக்கு வந்து விரலைத் தொட்டது.

உங்களுக்குக் குழந்தைகள் உண்டா ஐயா? எனக்கு இல்லை. அம்மா போனபின் ரொட்டியை ஆலிவ் எண்ணெயில் தோய்த்து ஜிலாலியின் வாயில் வைத்தவை இந்த விரல்கள்தான். அவனை ஆளாக்கி முடித்தபோது என்னைப் பெண் கேட்டு வர யாரும் பாக்கியில்லை. அதில் எனக்குக் குறை கிடையாது.

குளிர்காலத் தொடக்கத்தில் மொட்டைமாடிப் படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டான். கட்டுப் போட்டுப் படுக்க வைத்தார்கள். நான் ரொட்டியோடு போனால், "நீ ஓய்வா இரு அக்கா, இத்தோ பாத்துக்குவா" என்றான். இத்தோ சூப்பு எடுத்துக்கொண்டு போவாள், கதவு சாத்தும், உள்ளே சிரிப்பு கேட்கும்.

பச்சோந்தி தோலுரிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? நனைந்த காகிதம் மாதிரித் துண்டு துண்டாக உதிரும். ஒரு சாயங்காலம் ஜிலாலி சூப்பு குடிக்கும்போது நாக்கில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். பொடிப் புள்ளிகளோடு ஒரு துண்டுத் தோல். எங்கள் ஊரில் இதற்கு மேல் யாருக்கும் விளக்கம் வேண்டாம். பெண்டாட்டி மருந்து வைத்துவிட்டாள்.

"நான் வைக்கலக்கா. நீங்களாவது சொல்லுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள் இத்தோ. நான் எதுவும் சொல்லவில்லை. பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஜிலாலி அவளை மலைக்கே திருப்பி அனுப்பிவிட்டான்.

அதன்பின் அவன் யார் கொடுத்ததையும் தொடவில்லை. வெள்ளிக்கிழமை ஹலீமா அனுப்பிய சாப்பாடு அப்படியே திரும்பிப் போனது. என் கையிலிருந்து மட்டும் தின்றான். நானும் அளவாகவே கொடுத்தேன். வயிறு நிறைந்தது எதுவும் கையைத் தேடி வராது. வசந்தத்தில் கட்டைப் பிரித்தபோது, உள்ளேயிருந்தது கால் இல்லை, குச்சி. எழுந்து நிற்கத் தெம்பில்லை. மருந்து வைத்தால் ஆள் உருகுவான் என்று தெருவுக்கே தெரியும். அதனால் யாரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை.

வயிற்றில் விஷம் இருக்கிறதா என்று பார்க்க அவன் உடலை அனுப்பியிருக்கிறீர்களாம். இருக்காது ஐயா. அந்தத் தோலைக் கூண்டுக்கு அடியிலிருந்து பொறுக்கி சூப்பில் போட்டவள் நான். அதில் விஷம் ஏது?

பிறகு ஒருநாள் அவன், "அவ செஞ்சிருக்க மாட்டாளோன்னு தோணுதுக்கா. ஆள விட்டுக் கூட்டியாரச் சொல்லு" என்றான். நான் கோபப்படவில்லை. தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு, மகான் சமாதித் திருவிழாவுக்கு ஒரு வாரம் போய்விட்டேன். கூண்டையும் எடுத்துக்கொண்டுதான் போனேன். குட்டி பட்டினி கிடக்கக்கூடாதல்லவா. ஹலீமா ஜன்னல் வழியாகக் கட்டிலோரம் தட்டுகளை நீட்டி வைத்திருக்கிறாள். நான் திரும்பியபோது எல்லாம் தொடாமல் காய்ந்து கிடந்தன. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நான் வரும்போதே அவன் இறந்து கிடந்தான் என்று முதலில் எழுதிக் கொடுத்தேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

உயிர் இருந்தது. ரொட்டியை எண்ணெயில் தோய்த்துக் கீழேயிருந்து மெல்ல உயர்த்தினேன். கண்ணைத் திறக்காமலே வாயைத் திறந்தான். திறந்தவன், "இத்தோ வந்துட்டாளா?" என்றான்.

கையை அங்கேயே நிறுத்திக்கொண்டேன். அவன் வாய்க்கு ஒரு விரற்கடை தள்ளி. முகத்தைத் திருப்பிக்கொண்டு, அசையாமல். 'அக்கா' என்று ஒரு தடவை சொன்னால் போதும் என்று காத்திருந்தேன். மாலைத் தொழுகைக்கு அழைப்பு வந்தது, முடிந்தது. வாய் திறந்தபடியே இருந்தது. ரொட்டி என் கையிலேயே இருந்தது.

இத்தோவை அனுப்பிவிடுங்கள். அவள்மேல் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

பாருங்கள், கண்ணைத் திறந்துவிட்டது. பாசமுள்ள கையை இது மறக்காது. சத்தம் போடாதீர்கள் ஐயா, வெட்டுக்கிளியை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கிறேன். அதுவாக வரட்டும்.