ஒரு ரூபாய் உயிர்

தொண்ணூறுகளின் கடைசியில், அவிநாசி பேருந்தில் முன் இருக்கைக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: “நம்மகிட்ட உசுரு ஒரு ரூவாதானுங்க.”

இருவரும் பீளமேட்டில் கம்ப்யூட்டர் விளையாட்டு சென்டர் நடத்துபவர்கள்.

“ஏனுங்க, சும்மா ஆட விட்டுப்போட்டு என்ற சந்தாக்காரங்களையெல்லாம் இழுத்துக்கிட்டீங்களே! நான் கடையைப் பூட்டற நெலமைங்க” என்றார் மற்றவர்.

“ஒருத்தரையொருத்தர் சுடற ஆட்டம்; ஆடறது சும்மாங்க. குண்டு பட்டுச் செத்தா, மறுபடி எந்திரிக்கத்தான் ஒரு ரூவா. ஆனா ஒரு அம்மணி சாகவே மாட்டேங்கறாங்க. காசே கட்டாம நாள் பூரா எல்லாத்தையும் சுட்டுப்போடறாங்க. பயந்துக்கிட்டு இப்ப வேற ஒருத்தரும் வர்றதில்லீங்க.”

“செவப்பு ஸ்கூட்டியில வருவாங்களா?”

“ஆமாங்க!”

“என்கிட்ட ஆறு மாசம் சந்தா கட்டிப் பழகுனவங்கதானுங்க.”

இருவரும் வெடித்துச் சிரித்தார்கள். கருமத்தம்பட்டியில் இறங்கும்போது சந்தா வாங்கும் சென்டர்காரர் திரும்பிச் சொன்னார்: “பயந்து ஓடுனவங்களை என்கிட்ட அனுப்பி வையுங்க. பழக்கி அனுப்பறேன்.”