உள்ளே போன புடவை

கரும்பு வெட்டு முடிந்து, மரவள்ளி பிடுங்கும் வேலைக்காக வெள்ளிமலை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். சீட் இல்லை. என் மூட்டை மேலேயே உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டில் ஒரு பெண் தன் கூட வந்தவளிடம் சொன்னாள்:

"எம் பொண்ணுக்கு இப்ப என் பொடவைதான்க்கா அம்மா."

அவள் மடியில், காலில் கட்டுப் போட்ட நாலு வயதுப் பிள்ளை பழைய பச்சைப் புடவை ஒன்றை அணைத்தபடி தூங்கியது.

"இன்னாடி சொல்ற?"

"சுடுதண்ணி கொட்டிடுச்சில்ல. கட்டு மாத்தறப்ப நான் அழுவறதப் பாத்து அதுவும் ஜாஸ்தி அழுவுதுன்னு நர்ஸம்மா என்ன வெளிய நிக்க சொல்லிட்டாங்க. நான்தான் பொடவையக் குடுத்து, இதான் அம்மா, புடிச்சிக்கோன்னு அனுப்பினேன்."

"அழுதுச்சா?"

"அன்னிலேர்ந்து சத்தமே இல்ல. கெட்டிக்காரப் பொண்ணுன்னு நர்ஸம்மாவே சொன்னாங்க."

"நல்லதுதானே?"

"வூட்ல சோறு ஊட்டினா, மொதல்ல பொடவைக்கு ஊட்டுன்னுது."

மற்றவள் சிரித்தாள். "பேசாம அத நீயே கட்டிக்கோடி."

"நேத்து கட்டினேன்க்கா. எங்கம்மாவ வுடு, எங்கம்மாவ வுடுன்னு என் கையக் கடிச்சிடுச்சு."

சிரிப்பு நின்றது. பஸ் வளைவில் திணறி ஏறியது.

"அடுத்த கட்டு எப்போ?"

"வெள்ளிக்கிழம. யார் தடுத்தாலும் நான் உள்ள போவேன். கத்தட்டும்க்கா. என்னப் பாத்து அழுவட்டும்."

பிள்ளை கண் விழித்து அவளை ஒரு தடவை பார்த்தது. பிறகு புடவையில் வாயை வைத்து ஏதோ கேட்டது. கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டிருந்துவிட்டு, சரி என்று தலையாட்டியது.