உக்காரப் படிக்க வந்த மொதலாளி

— இன்னொரு தலகாணியெல்லாம் கெடையாது மொதலாளி. ஏற்கெனவே அஞ்சு வாங்கி அடுக்கிட்டீக. சப்பரத்துல சாமி உக்காந்த கணக்கா ஆடுறீகளாம். இன்னும் ஒண்ணு வச்சா ஃபேன்ல தல இடிக்கும்.

— சந்தனம்மா யக்கா, சத்தமாப் பேசாதீங்க, மேனேஜர் காதுல விழுந்துரும். எனக்குத் தலகாணி வேணாம். ஒரு பிளாஸ்டிக் சேர் குடுங்க, போதும். அடுப்படியில இருக்குல்ல.

— நல்ல கூத்து. தியானத்துக்கு வந்து, பத்து நாளு வாயத் தொறக்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுட்டு, ஆறாம் நாளே சமையக்காரிகிட்ட வந்து சேர் கேக்குறீக. நல்லாருக்கு உங்க மௌனம்.

— சுருக்கமாச் சொல்லிடறேன், கேளுங்க. மொத இருபது நிமிசம் ஒண்ணுமில்ல. அப்புறம் கணுக்கால் மரத்துப் போகுது. அதுக்கப்புறம் முட்டி. யாரோ ஸ்பேனர வச்சு முடுக்குறாப்புல இருக்கு. நாப்பதாவது நிமிசம் இடுப்புலருந்து கழுத்து வரைக்கும் தீயா எரியுது. ஸ்பீக்கர்ல தியான வாத்தியாரு சொல்றாரு, அசையாத, வலியப் பாரு, வந்தது போயிரும்னு. நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். அதுவும் என்னையப் பாத்துக்கிட்டே இருக்கு. போவேனாங்குது.

— இம்புட்டும் சுருக்கமா?

— எனக்கு முன்னாடி ஒரு கட்டப்பனைக்காரரு, சசிதரன்னு சீட்டு ஒட்டியிருக்கு. ஒரு மணி நேரமும் சிலையாட்டம் இருக்காரு யக்கா. அவருக்கெல்லாம் முட்டியே கெடையாதா?

— அவரு தூங்குறாரு. நேத்து மணியடிச்சும் எந்திரிக்கல. நாந்தான் போயி உசுப்பி டீ குடுத்தேன்.

— தூங்குறாரா! நான் அவரப் பாத்துப் பாத்துப் பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேனே.

— ஆமாமா, வசமாப் புடிச்சீக ஒரு குருவ. அது சரி, வந்த அன்னைக்கு மேனேஜர்ட்ட கார்டு நீட்டுனீகளே, தேனி பஜார்ல எபனேசர் பைப்ஸுன்னு. கடையில எம்புட்டு நேரம் உக்காருவீக?

— காலையில ஒம்பதுக்கு உக்காந்தா ராத்திரி ஒம்பது. கல்லாவ விட்டு எந்திரிச்சா யாவாரம் ஓடுமா?

— அப்ப முட்டி வலிக்காதாக்கும்?

— அது ஸ்டூலு யக்கா. அது வேற.

— வேறதான். கஸ்டமர் வந்தா முட்டிக்குச் சொகம், கண்ண மூடுனா ஸ்பேனரு.

— உங்களுக்கென்ன, லேசாச் சொல்லிட்டீங்க. உக்காந்து பாத்தாத்தான் தெரியும்.

— யாருகிட்ட? கம்பமெட்டுக்கு மேல ஏலத்தோட்டத்துல பதினஞ்சு வருசம் குத்த வச்சுக் காயெடுத்தவ நான். மேல மழ, கால்ல அட்ட தொங்கும். ஸ்பீக்கர் வச்சு யாரும் வலியப் பாரு ஆத்தான்னு சொல்லல. கையப் பாருடின்னு கங்காணிதான் வைவான்.

— அதான சொல்றேன், உங்களுக்கு உரம் பாஞ்ச உடம்பு.

— உரமுமில்ல, ஒண்ணுமில்ல. முட்டி தேஞ்சு போயித்தான் மலைக்குப் போறத விட்டேன். நீங்க கேக்குற சேர்ல இப்ப யாரு உக்காந்து மொச்ச உரிக்கிறதுன்னு பாத்தீகளா? கீழ உக்காந்தா என்னையத் தூக்க ஆளு வேணும்.

— அய்யய்யோ, கவனிக்கல. நீங்களே வச்சுக்கங்க. தைலமாவது இருக்கா?

— தைலமும் கெடையாது. முடியலன்னா கெளம்பிப் போக வேண்டியதான? போன முகாமுல ஒரு பேங்க் மேனேஜர், மூணாம் நாளு சொவரேறிக் குதிச்சு, அடுத்த திராட்சத் தோட்டத்துப் பந்தக் கம்பியில மாட்டிக்கிட்டாரு. சுருளிப்பட்டியே கூடி எறக்கி விட்டுச்சு. கேட்டு தொறந்துதான் கெடந்துச்சு.

— போக முடியாது யக்கா. வீட்டுல சவால் விட்டுட்டு வந்திருக்கேன்.

— யாருகிட்ட?

— சம்சாரத்துகிட்ட. அவளுக்குக் கிட்னி போயிருச்சு. ரெண்டு வருசமா டயாலிசிஸ். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். நான் ஒரு நாள்கூட முழுசா அவ பக்கத்துல உக்காந்ததில்ல.

— ஏன், அங்கனயும் முட்டியா?

— மொத நாளு உக்காந்தேன். அவ ரத்தம் குழாய் வழியா வெளிய வந்து, மெசினச் சுத்தி, திரும்ப உள்ள போகுது. இருபது வருசமாக் குழாய் விக்கிறவன் நான். அந்தக் குழாய மட்டும் என்னால பாக்க முடியல யக்கா. கார நல்ல எடத்துல விட்டுட்டு வர்றேன்னு வெளிய வந்துட்டேன். அன்னையிலருந்து ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு. டீ, ஃபோனு, லோடு லாரி. சர்ச்சுலயும் எங்குணம் அதான். ஐயரு ஜெபத்த முடிக்குமுன்ன வாசல்ல நின்னு செருப்பு மாட்டிருவேன்.

— அவுக ஒண்ணுஞ் சொல்லலயா?

— போன மாசம் சொன்னா. ‘உங்களால நாலு மணி நேரம் எம் பக்கத்துல உக்கார முடியாதுங்க, அது உங்க பொறப்புலயே இல்ல’ன்னா. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னா. எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. இருடி, உக்காரப் படிச்சிட்டு வர்றேன்னு கெளம்பிட்டேன். இந்தப் பத்து நாளத் தாண்டிட்டா அவகிட்ட உக்காந்துருவேன் யக்கா. பாதியில ஓடுனா, அப்புறம் எப்பவுமே முடியாது. அந்தப் பயந்தான்.

— அடேயப்பா. பொண்டாட்டி பக்கத்துல உக்காரப் பத்து நாள் படிப்பு. அந்தப் பத்து நாளுக்குள்ள டயாலிசிஸ் எத்தன தடவ வருது?

— செவ்வாய், வெள்ளி, மறுபடி செவ்வாய். மூணு தடவ.

— கூட யாரு?

— கொழுந்தியா ஏஞ்சல். ஆட்டோவுல கொண்டு போயி விட்டுட்டு, டியூசன் இருக்குன்னு போயிரும்.

— அப்ப அவுக அங்கன ஒத்தையில கெடக்காக. நீங்க இங்கன, அவுக பக்கத்துல எப்படி உக்காரலாம்னு படிக்கிறீக.

— யக்கா.

— இல்ல, வெளங்காமத்தான் கேக்குறேன்.

— குத்தாதீங்க யக்கா. முட்டி வலியே தேவலாம் போலிருக்கு.

— இருங்க, இருங்க. செவ்வாயும் வெள்ளியுமா? மத்தியானமா?

— ஆமா, மூணுலருந்து ஏழு. மதுர ரோட்டுல, மாடியில இருக்குல்ல, அந்த ஆஸ்பத்திரி. இன்னைக்கும் உண்டு.

— அவுக பேரென்ன?

— சுபாஸ்ரீ.

— ஆத்தாடி! ஜன்னலோரக் கட்டிலு. குளுருதுன்னு பச்ச ஸ்வெட்டர் போட்டுக்கும். ரெண்டு மணி நேரம் ஆச்சுன்னா கெண்டக்கால் இழுக்கும், கண்ணுல தண்ணி நிக்கும். ஆனா அசையாது. ‘கைய அசைக்கக் கூடாதுக்கா, ஊசி நகந்துரும்’னு சொல்லும்.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— பக்கத்துக் கட்டில் எம் புருசன் சங்கரலிங்கம். உங்களுக்கெல்லாம் சோத்தப் போட்டுட்டு வாரத்துல ரெண்டு நாளு ஒரு மணி பஸ்ஸுக்கு ஓடுறேனே, எங்கன்னு நெனச்சீக? ரெண்டு கட்டிலுக்கும் நடுவுல ஸ்டூலப் போட்டு உக்காருவேன். ஒரு கை அவுகளுக்கு, ஒரு கை அந்தப் பிள்ளைக்கு. கெண்டக்கால நீவி விடுறது நாந்தான்.

— அவ... என்னையப் பத்தி ஏதாச்சும் சொல்லியிருக்காளா?

— நானாத்தான் ஒரு நாளு கேட்டேன். ஏம்மா, ஒன் வீட்டுக்காரகளக் கண்ணுலயே காணமேன்னு.

— என்ன சொன்னா?

— அவுக துபாயில இருக்காகளாம். லீவு மட்டும் கெடச்சா ஓடியாந்துருவாகளாம்.