சம்பந்திக்கு எறிந்த சீட்டு

— எங்கடை மேசையிலை இருந்த அந்தச் சிவப்புத் தாடிக்காரன்தான் போய்ச் சொல்லியிருக்கிறான். நான் சீட்டை எறிஞ்ச உடனை என்னை ஒரு பார்வை பாத்தவன். கண்டனீங்களோ சம்பந்தி?

— ஆர் சொன்னாலென்ன, ஞானசுந்தரம் அண்ணை. இடைவேளை முடிய முதல் இந்தப் போக்கர் போட்டி நடத்துற அந்தப் பொம்பிளை உங்களைத் தனியக் கூப்பிடுவா. என்ன சொல்லப் போறியள்?

— என்னத்தைச் சொல்ல? என்ரை சீட்டு, என்ரை கை, எறிஞ்சன். எறியிறதுக்கும் கொம்யூன் கந்தோரிலை அனுமதி எடுக்கவேணுமோ?

— சேசுவே! மெல்லக் கதையுங்கோ. புகைக்க வந்தவங்கள் எல்லாரும் பாக்கிறாங்கள்.

— பாக்கட்டும். இந்த ஹோர்சன்ஸ் ரவுண் காத்துக்கை என்ரை குரல் எனக்கே கேக்கேல்லை. அவங்களுக்குத் தமிழும் விளங்காது.

— அதுதானே வில்லங்கம். மேசையிலை டெனிஷ், இல்லாட்டி இங்கிலிஷ் எண்டு தொடங்கேக்கையே சொன்னவை. நீங்கள் சீட்டைத் தள்ளிப்போட்டு, "எடுங்கோ சம்பந்தி" எண்டியள். விருந்திலை கறிக்கோப்பையைத் தள்ளுற மாதிரி.

— வாயிலை வந்திட்டுது.

— நான் உங்கடை மகளின்ரை மாமனெண்டு அவங்களுக்கென்ன தெரியும்? ரெண்டு தமிழர் தங்கடை பாசையிலை ஏதோ கதைச்சாங்கள், ஒருத்தன் விட்டான், மற்றவன் அள்ளினான். அவங்கள் கண்டது அதுதான். போக்கரிலை அதுக்குப் பேர் களவு அண்ணை. இது ஊரிலை விளையாடுற முன்னூத்தி நாலு இல்லை, சோடிக்காகச் சீட்டு விட.

— உங்களை இந்தப் போட்டியிலை காணுவனெண்டு நான் நினைச்சனோ? மாதா கோயில் பாட்டுப் பழக்கத்துக்குப் போறதெண்டு சொன்னனீங்களாம். மகள் சாரங்கா நேற்றுத்தான் போனிலை சொன்னவள்.

— நீங்கள்?

— முழங்கால் ஒப்பரேசன் செய்த ஆரோ ஒரு சிநேகிதனைப் பாக்கப் போறனெண்டு மனிசி அருளம்மாவுக்குச் சொன்னனான். றோல்சும் சுட்டுத் தந்தவள், நோயாளிக்கெண்டு.

— நல்ல நோயாளியள் நாங்கள். சரி, அண்ணை, என்னத்தை எறிஞ்சனீங்கள்?

— ஒரு ஒன்பதும் நாலும்.

— ஒன்பதும் நாலும் வச்சுக்கொண்டு முதலாவதா பந்தயத்தை ஏத்தினனீங்களோ? மற்ற மேசையிலை இருக்கேக்கையே உங்களைப் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். நல்ல சீட்டு வருமட்டும் மரக்குத்தி மாதிரி இருந்தியள். அவங்கள் பொறுமை கெட்டுத் தள்ள, சத்தமில்லாமல் அள்ளினியள்.

— விசர்க் கதை.

— என்ன சீட்டு?

— ரெண்டு ராசா.

— சேசுவே...

— இப்பதானே கேட்டியள். ரெண்டு ராசா.

— நான் என்ன வச்சிருந்தனெண்டு தெரியுமோ?

— ஒண்டுமில்லை. சிப்ஸ் வில்லை எல்லாத்தையும் நடுவிலை தள்ளின கையோடை தண்ணிப் போத்தலைத் தூக்கிக் குடிச்சியள். நல்ல சீட்டு வச்சிருக்கிறவன் சீட்டை விட்டுக் கையை எடுக்கான். முகத்தைப் பாக்கிறது பிரயோசனமில்லாத வேலை, முகத்துக்கு எல்லாரும் பூட்டுப் போட்டுக்கொண்டுதான் வாறாங்கள். கையைப் பாக்கவேணும்.

— வெறுஞ் சீட்டை வச்சுப் பேய்க்காட்டுறன் எண்டு தெரிஞ்சும் எறிஞ்சியள்.

— இன்னும் ஒருத்தன் வெளியிலை போனா மிச்ச எல்லாருக்கும் பரிசு. அந்த நேரம் எல்லாரும் ஒடுங்கிப்போய் இருப்பாங்கள், தள்ளினவன் அள்ளலாம். நீங்கள் தள்ளினது கெட்டித்தனம். ஆனா ஒடுங்காதவன் ஒருத்தன் பக்கத்திலை இருக்கிறானெண்டு பாக்கேல்லை. என்னட்டை உங்களிலும் பாக்கக் கூடச் சிப்ஸ் கிடந்தது. நான் ஓமெண்டிருந்தா, வெளியிலை போற அந்த ஒருத்தன் நீங்கள்தான்.

— போயிருப்பன். அதுக்கென்ன?

— எல்லாருக்கும் முன்னாலை பொம்பிளையின்ரை தேப்பன் மாப்பிளையின்ரை தேப்பனை மேசையாலை எழுப்பிக் கலைச்சான். பிறகு நீங்கள் எங்கை போவியள்? வீட்டை. வீட்டிலை ஆர் இருக்கிறது?

— சாரங்கா.

— அவள் சோறு போடேக்கை உங்களுக்கு அவளின்ரை முகம் தெரியாது, என்ரை முகம்தான் தெரியும். கறியிலை உப்புக் கூடிப்போச்செண்டு தொடங்கும். நீங்கள் வாயைத் திறக்காட்டிலும் உங்கடை மனிசி பவளராணி திறப்பா. நான் பெட்டையைக் குடுத்தவன். குடுத்தவன் பாத்துத்தான் நடக்கவேணும்.

— அண்ணை, எங்கடை வீட்டிலை சமைக்கிறது நான். சாரங்கா வேலையாலை வரேக்கை கறி அடுப்பிலை கிடக்கும். உப்புக் கூடினா அவள்தான் எனக்குச் சொல்லுவாள், அதுவும் டெனிஷிலை.

— எனக்கு அது தெரியாது.

— எப்பிடித் தெரியும்? வந்தா, நான் இருக்குமட்டும் நிக்கிறியள். தேத்தண்ணி குடிச்ச கோப்பையைக் கையிலை வச்சுக்கொண்டு எங்கை வைக்கிறதெண்டு என்னட்டைக் கேக்கிறியள். கலியாணத்தண்டு கோயிலுக்கை நாங்கள் முழந்தாளிலை நிக்க, நீங்களும் நிண்டியள். உங்கடை சமயமுமில்லை, முழங்காலும் ஏலாது. ஆர் கேட்டது?

— ஒருத்தரும் கேக்கேல்லை. கேக்க முதல் செய்யிறதுதான் மரியாதை.

— மரியாதையோ? கடிக்கிற நாய்க்குத் தூர நிண்டு சோறு வைக்கிற மாதிரி எனக்கு வைக்கிறியள். நான் ஆரையண்ணை கடிச்சனான்?

— நான் ஒருத்தரையும் நம்புறதில்லை. அதாலைதான் இந்த விளையாட்டு எனக்குத் தோதுப்பட்டது. எஸ்பியர்க்கிலை மீன் பக்டரிப் போர்மனுக்குக் குனிஞ்சன். வேலை போன பிறகு கொம்யூன்காரிக்குக் குனிஞ்சன். பெட்டையைக் குடுத்து உங்களுக்குக் குனிஞ்சன். சீட்டு மேசையிலை மட்டும் ஒருத்தனுக்கும் குனிஞ்சதில்லை. படிச்ச பொடியள் கறுப்புக் கண்ணாடியோடை வந்து கணக்குப் பாப்பாங்கள். எட்டாம் வகுப்புத் தாண்டாத நான் சிப்ஸிலை கையை வச்சா அவங்களுக்கு வேர்க்கும். இண்டைக்கு அங்கையும் குனிஞ்சிட்டன். வெக்கமாக் கிடக்குது றொபேட். சத்தியமா வெக்கமாக் கிடக்குது.

— இண்டைக்குத்தான் என்ரை பேரைச் சொல்லுறியள்.

— பேரை விடும். அந்தப் பொம்பிளை கேட்டா என்ன சொல்லுறதெண்டு சொல்லும். உண்மையைச் சொன்னா ரெண்டு பேரையும் கலைப்பினம். அடுத்தமுறை வாசலிலையே மறிப்பினம்.

— ஒன்பதும் நாலும் எண்டு சொல்லலாம். எறிஞ்ச சீட்டு மற்றதுகளோடை கலந்திட்டுது, ஒருத்தராலையும் பாக்கேலாது. சொல்லுவியளோ?

— பேய்க்காட்டுறது எனக்குத் தொழில்தான். ஆனா மேசையிலை இருந்துகொண்டு. எழும்பி நிண்டு வாயாலை சொன்னா அது வெறும் பொய். நான் ஒண்டு செய்யிறன். அவருக்கு ஒண்டும் தெரியாது, ரெண்டு ராசாவையும் நான்தான் என்ரை பாட்டுக்கு எறிஞ்சன், என்னைக் கலையுங்கோ எண்டு சொல்லுறன். நீர் இருந்து விளையாடும்.

— பாத்தியளோ? திரும்பவும் எறியிறியள்.

— இது வேறை.

— ஒரு வேறையுமில்லை. அப்ப சீட்டை எறிஞ்சியள், இப்ப உங்களை எறியிறியள். எடுக்கிறது நான். உங்கடை ராசாவைத் திண்டு கொழுத்த சிப்ஸை முன்னாலை அடுக்கி வச்சுக்கொண்டு நான் அதிலை எப்பிடி இருக்கிறது? கையைப் பாக்கிற மனிசன், அதுக்குப் பிறகு ஒருக்கா என்ரை கையைப் பாத்தியளோ? அள்ளினதோடை சரி, ஒரு சிப்ஸையும் தொடேல்லை.

— பாக்கேல்லை. எனக்குத் தலை நிமிரேல்லை.

— அதுதான்.

— எல்லாம் அந்தத் தாடிக்காரனாலை. அவன் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தா இந்த மானக்கேடு எங்கடை ரெண்டு பேரோடையும் போயிருக்கும். நன்றி கெட்டவன், அருளம்மாவின்ரை றோல்சிலை ரெண்டு திண்டவன்!

— அவனைத் திட்டாதேங்கோ அண்ணை.

— ஏன் திட்டக்கூடாது? காட்டிக் குடுத்தவன்.

— போய்ச் சொன்னது நான். இந்த மனிசன்ரை மகள் என்ரை வீட்டிலை இருக்கிறாள், அந்தப் பயத்திலை எனக்குத் தோத்தவர், அவரை விட்டிட்டு என்னைக் கலையுங்கோ எண்டு, அத்தனை பேருக்கும் கேக்க டெனிஷிலை சொல்லிப்போட்டுத்தான் உங்களைத் தேடி வெளியிலை வந்தனான்.