தேயாத ரயர்

காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கும் சின்ன வீட்டுவண்டிதான் கரவன். அதை வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது திரைச்சீலையைத்தான். பிறகு அடுப்பு எரிகிறதா, கட்டில் மடிகிறதா என்று பார்ப்பார்கள். குனிந்து சக்கரத்து ரயரைப் பார்ப்பவரை நான் அதிகம் கண்டதில்லை. ஜேர்மனிக்கு வடக்கே நாங்கள் அகதியாக வந்த இந்த நாட்டில், கிரின்ஸ்டெட் என்ற ஊரில் ரயர் கடையில் வேலை செய்கிறவன் என்பதால் இதைச் சற்று உரிமையோடு சொல்கிறேன்.

தம்பி, நீங்கள் ரேப் ரெக்கோடரோடு வந்தது வேறு விஷயத்துக்கு என்று தெரியும். எங்கள் குடும்ப விண்ணப்பங்களை அமைச்சர் ஒருவர் சட்டத்தை மீறிக் கிடப்பில் போட்டதற்குப் பேப்பர்காரர் தமிழர் வழக்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள், அதில் அரசாங்கமே பதவி இறங்கிப் போய்விட்டது. குடும்பத்தைக் கூப்பிட முடியாமல் காத்திருந்த காலம் எங்களை என்ன செய்தது என்று கேட்டு எழுதுகிறீர்கள். நல்ல வேலைதான். என்னை என்ன செய்தது என்று சொல்ல, ரயரில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

என் மனைவி தங்கமலரையும் மகள் ரஜிதாவையும் கூப்பிட எண்பத்தேழில் விண்ணப்பித்தேன். சட்டப்படி எனக்கு உரிமை இருந்தது. குடிவரவு அலுவலகத்தில் மறுக்கவில்லை, அதைக் கவனியுங்கள். போய்க் கேட்டால், பரிசீலனையில் இருக்கிறது என்று மரியாதையாகச் சொன்னார்கள். அந்த வருடக் கடைசியில் யாழ்ப்பாணத்தில் ஊரடங்கு. ரஜிதாவுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் பிள்ளை போய்விட்டாள். மறுநாள் வேலைக்குப் போனேன். அவள் செத்த பிறகும் அவளுடைய விண்ணப்பம் பரிசீலனையில்தான் இருந்தது.

பாலேந்திரா எனக்கு முன்னால் இந்த நாட்டுக்கு வந்தவன். அவன் மனைவி புஷ்பராணி, கதவு சாத்தப்படுவதற்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டாள். மகள் கஜந்தி இங்கே பிறந்தவள். ரஜிதா இருந்திருந்தால் அதே வயது. ஒவ்வொரு ஞாயிறும் என்னைச் சாப்பிடக் கூப்பிடுவார்கள். நல்ல மனிதர்கள், ஒரு குறை சொல்ல முடியாது. புஷ்பராணி மீன்தலையை எனக்கென்று எடுத்து வைப்பாள். பாலேந்திரா பிள்ளையை மடியில் வைத்துச் சோறூட்டிக்கொண்டே, "எல்லாம் அவன் செயல் அண்ணை, மனசை விட்டிடாதேங்கோ" என்பான். நான் கஜந்தியை வெறுத்தேன் என்று நினைக்காதீர்கள். அவள் இருக்கிறாளே என்றுதான் இருந்தது.

எண்பத்தொன்பது கோடையில் அவன் பழைய கரவன் ஒன்றை வாங்கினான். காரில் கொழுவி, ஜேர்மனியில் இருக்கும் அக்கா வீட்டுக்கு இழுத்துப் போவதாகத் திட்டம். நேரே என்னிடம் கொண்டுவந்தான். ரயர் விஷயத்தில் எங்கள் ஆட்கள் என் வாயைத்தான் பார்ப்பார்கள்.

கரவன் ரயர் ஒரு விசித்திரமான சாமான். வருடத்தில் சில வாரம் ஓடும். மற்ற நாளெல்லாம் ஒரே இடத்தில் நின்று வெயிலையும் பனியையும் வாங்கும். ஓடாததால் ரயரின் அடியில் வெட்டியிருக்கும் பள்ளங்கள் தேய்வதில்லை, பார்த்தால் புதிது. ஆனால் ரப்பர் உள்ளே செத்துப்போயிருக்கும். இதன் பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தன. பாலேந்திராவே அதைக் கண்டுவிட்டான்.

"புதுசு போடட்டோ அண்ணை? நீங்கள் சொன்னாச் சரி."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பாப்பம் என்றேன். அது எவ்வளவு வசதியான சொல் என்று அலுவலகத்தில் படித்திருந்தேன். அடுத்த வாரம் அவன் வந்தபோது ரயருக்குக் கறுப்பு மெருகு பூசி, இனிப் பயமில்லை என்று கொடுத்தேன். வெடிப்புகள் மறைந்துவிட்டன. எங்கள் கடையில் எல்லா வண்டிக்கும் அழகுக்காகப் பூசுவதுதான்.

புறப்படுகிற காலையில் வழியனுப்பப் போனேன். எங்கள் ஆட்கள் உறவினர் வீட்டுக்கு வெறுங்கையோடு போவதில்லை. மீன் பெட்டிகள், இடித்த மிளகாய்த்தூள், அக்காவுக்கு ஒரு தையல் மெஷின் எல்லாம் வாசலில் இருந்தன. கரவனில் பாரம் சில்லுக்கு மேலே இருக்க வேண்டும். பின்னால் ஏற்றினால் ஓட்டத்தில் வாலாட்டும். எல்லாவற்றையும் பின்பக்கம் அடுக்க நானே கை கொடுத்தேன். நடுவில் பிள்ளை விளையாட இடம் வேண்டும் என்று காரணமும் சொன்னேன்.

கஜந்தி கரவனை விட்டு இறங்க மாட்டேன் என்றாள். ஓடுகிற கரவனில் ஆள் இருக்கக் கூடாது. சட்டமும் விடாது, புத்தியும் விடாது. பாலேந்திராவுக்கும் அரைகுறையாக அது தெரிந்திருந்தது.

"பிள்ளை பின்னால படுத்து வரலாமோ அண்ணை?"

"ஓம், படுக்கட்டும்," என்றேன். "என்ன நடக்கப் போகுது."

கஜந்தி யன்னலால் கையை ஆட்டி "ஹை, ஹை" என்றாள். இந்த நாட்டுப் பிள்ளைகள் விடைபெறும்போது அப்படித்தான் சொல்லும். நானும் கை ஆட்டினேன். அப்போதும் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

ஜேர்மனி எல்லை தாண்டியபின் பெருந்தெருவில் இடது ரயர் வெடித்தது. கரவன் வாலாட்டி, கொளுக்கி அறுந்து கவிழ்ந்தது. கார் தப்பியது, அதில் இருந்த இரண்டு பேருக்கும் சிறு காயம்தான். பிள்ளையை வெளியே எடுத்தபோது உயிரில்லை.

சில மாதத்தில் விண்ணப்பங்கள் நகர்ந்து தங்கமலர் வந்து சேர்ந்தாள். இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எவ்வளவு பொறுப்பது? ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த ரயர் தாங்காது என்று எனக்குத் தெரியும். அது வெடிக்கும்போது பிள்ளை கரவனுக்குள் இருக்க வேண்டும் என்று விரும்பினேன். அதற்காகத்தான் ஓம் என்றேன்.

பொலிஸ் பழைய ரயர் என்றார்கள். எங்கள் ஆட்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புறப்படும்போது கண்ணேறு நாவூறு கழிய, புஷ்பராணி காரின் நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து நசுக்கினாள். கரவன் சில்லுகளுக்கு வைக்க மறந்துவிட்டாள். அதனால்தான் பிள்ளை போனாள் என்று கோயிலில் யாரோ சொல்ல, அவளும் நம்பிவிட்டாள். இப்போது அவள் சரியாகச் சாப்பிடுவதுமில்லை, யாரோடும் கதைப்பதுமில்லை.

நான் ஒவ்வொரு ஞாயிறும் போய் அவளுக்குப் பக்கத்தில் இருந்து, "அது உங்கட பிழையில்லை தங்கச்சி" என்று சொல்லிவிட்டு வருகிறேன். ரஜிதா செத்தபோது அந்த அலுவலகத்திலிருந்து ஒருவராவது வந்து எனக்கு அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்களுக்கும் எனக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை மறக்காமல் எழுதுங்கள்.