அண்ணனின் அரைஞாண் கயிறு

ஆம்புலன்ஸ் செங்கல்பட்டை நோக்கிப் பறக்கிறது. சைரன் ஓயவில்லை. உள்ளே என் அண்ணன் ஏழுமலை. முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். மூச்சு இரைக்கிறது. கண் திறக்கவில்லை. அவன் காலடியில் நான். எனக்கும் காய்ச்சல். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும் நேரமா அது? முன்சீட்டில் அப்பா. அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

"ஓரம் போங்கய்யா! உசுரு கீது உள்ள!" டிரைவர் ஜன்னல் வழியாகக் கத்துகிறார்.

பின்கண்ணாடியில் திருக்கழுக்குன்றம் மலை சின்னதாகிக்கொண்டே போனது. அதற்குப் பின்னால்தான் எங்கள் மனை. ஐப்பசி மழையில் இடுப்பளவு புதர் மண்டிக் கிடந்தது. வேனுக்கு ஒரு ஷெட் போடலாம் என்றான் அண்ணன். கல்பாக்கத்து ஊழியர்களை ஏற்றி இறக்கும் வேன். மாறி மாறி ஓட்டுவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் புதரை வெட்டினோம். வெட்டிய குவியல் மேலேயே சாய்ந்து பிரியாணிப் பொட்டலம் பிரித்தோம். சிரித்தோம். 

முதலில் காய்ச்சலில் விழுந்தவன் அண்ணன். சின்ன நர்சிங் ஹோம் ஒன்றில் சேர்த்தோம். டெங்கு என்றார்கள். அப்புறம் நிமோனியா என்றார்கள். பாட்டில் பாட்டிலாக டிரிப்ஸ் ஏறியது. உடம்பு ஊதியது. அரைஞாண் கயிறு இடுப்புச் சதைக்குள் புதைந்தது. கறுப்புக் கயிறு. அதில் ஒரு தாயத்து. நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்தார்.

"அறுக்காதம்மா! உசுரோட கீறான் என் புள்ள!"

நைனாவின் குரலில் வார்டே திரும்பிப் பார்த்தது. எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளையின் கயிற்றை அறுத்தெடுப்பது பிணமான பிறகுதான். நைந்துபோனாலும் புதியதைக் கட்டிவிட்டுத்தான் பழையதை எடுப்போம். நர்ஸ் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். நானும் அங்கேதான் நின்றிருந்தேன். எனக்கு அது சரியாகவே பட்டது.

செங்கல்பட்டு. எமர்ஜென்சி. மானிட்டர் பீப் பீப் என்கிறது. பிரஷர் இறங்குகிறது. அண்ணனின் தொண்டைக்குள் குழாய் இறக்குகிறார்கள். வென்டிலேட்டர் புஸ் புஸ் என்று ஊதுகிறது. நான் சுவரைப் பிடிக்கிறேன். கால் மடிகிறது.

"பிடிங்க! அவரு விழறாரு!" கத்தியது டாக்டரம்மா.

என்னைப் படுக்கவைத்து பேண்டைச் சுருட்டினார். முழங்காலுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பொருக்கு. பீடி சுட்ட மாதிரி. வலியே இல்லை. அது இருப்பதே எனக்குத் தெரியாது. புதரில் வேலை செய்தீர்களா என்று கேட்டார். அண்ணனும் சேர்ந்துதான் என்றேன். அவர் முகம் மாறியது. புதரில் இருக்கும் பொடிப்பூச்சி கடித்து வரும் காய்ச்சலாம். அதற்கு மருந்து தனி. அது அண்ணனுக்கு அதுவரை ஏறவே இல்லை. உடனே இருவருக்கும் போடச் சொன்னார். பிறகு அண்ணன் உடம்பில் கடிவாயைத் தேடினார். அக்குள். முதுகு. தொடையிடுக்கு. எங்கும் இல்லை. பார்க்காமல் மிச்சம் இருந்தது கயிறு புதைந்த இடம் மட்டும்.

"அறுக்காத! அறுக்காத!" நைனா பாய்ந்தார். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

கத்தரிக்கோல் நறுக்கென்றது. தாயத்துக்கு அடியில் அதே கறுப்புப் பொருக்கு.

இதை முன்பே பார்த்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டரம்மா, என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். மருந்து ஏறியது. ஆனால் சிறுநீர் நின்றது. டயாலிசிஸ் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மறுநாள் மத்தியானம் மானிட்டர் ஒரே நீளமாகக் கத்தியது. பக்கத்துக் கட்டிலில் கிடந்து கேட்டேன். ஒரு காதால்தான். இன்னொன்று அதற்குள் காய்ச்சலில் அடைத்துப் போயிருந்தது.

இழந்ததைச் சொல்கிறேன். அண்ணன் ஏழுமலை. என் இடது காது. வேன் கைமாறிவிட்டது. அண்ணி தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். மனையில் திரும்பவும் புதர். அந்தப் பக்கம் நான் போவதில்லை.

"கயித்த அறுத்தாங்க, புள்ள பூட்டான்." வருகிறவர்களிடமெல்லாம் நைனா இதைத்தான் சொல்கிறார். ஒவ்வொரு முறையும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிடும். உண்மையைச் சொன்னால் நான் இழந்தவர்களின் கணக்கில் நைனாவும் சேர்ந்துவிடுவார். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். நைனாவுக்குப் படிக்கத் தெரியாது.